வன்னிக் குடியேற்றக் கிராமங்களின் அரங்கு: வட்டக்கச்சியை முன்வைத்து ஒரு நோக்கு

ஈழத்துத் தமிழ் நாடக மரபு பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் மட்டக்களப்பு, மன்னார், யாழ்ப்பாணம் ஆகிய மூன்று பிரதேசங்களையே மையமாகக் கொண்டு வளர்ந்தவை. வன்னிப் பெருநிலப்பரப்பு இவ்வாய்வுகளில் ஒரு பின்னிணைப்பாகவே இடம்பெற்று வந்துள்ளது. அவ்வாறு இடம்பெறும்போதும் முள்ளியவளை, வற்றாப்பளை முதலிய பழங்கிராமங்களின் கூத்துகளே கவனம் பெறுகின்றன. இருபதாம் நூற்றாண்டில் காடு வெட்டிக் குளத்து நீரை நம்பிக் குடியேறிய மக்களின் கிராமங்களுக்கென ஓர் அரங்கு உண்டா என்னும் வினா அரிதாகவே எழுப்பப்பட்டுள்ளது. கிளிநொச்சி மாவட்டத்து வட்டக்கச்சியையும் அதையொத்த குடியேற்றக் கிராமங்களையும் முன்வைத்து அவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அரங்கு என்றதும் கட்டடம் ஒன்றை நினைப்பது நகரத்தார் வழக்கம். வன்னிக் கிராமத்தில் அரங்கு என்பது கோயில் வெளியில் ஓரிரவுக்கென எழுப்பப்பட்டு மறுநாள் பிரிக்கப்படும் கொட்டகையாகும். அதன் நிலைபேறு சுவரிலும் கூரையிலும் இல்லை. அண்ணாவியாரின் நினைவிலும், அவர் கையிலுள்ள கொப்பியிலும், ஆண்டுதோறும் அதனைக் கேட்டு நிற்கும் ஊரவரின் எதிர்பார்ப்பிலுமே உள்ளது. இவற்றுள் ஒன்று அழிந்தாலும் அரங்கு அழியும். வன்னியில் இம்மூன்றுமே ஒரே காலப்பகுதியில் தாக்குண்டன என்பதை மனங்கொண்டே மேற்செல்லுதல் வேண்டும்.

1. பழைய வன்னியின் அரங்கு

வன்னியின் பழைய கிராமங்கள் குளத்தைச் சார்ந்தவை. அவற்றின் கலைகள் வேளாண்மைத் தொழிலோடு பிரிக்கவியலாதபடி பிணைந்திருந்தன. அறுவடையின்போது பாடப்பட்ட அரிவிச்சிந்து, பயிர்களை அழிக்கும் விலங்குகளையும் பறவைகளையும் முன்னிறுத்திய பன்றிப்பள்ளு, குருவிப்பள்ளு என்பன வயலிலேயே பிறந்தவை. வயற்காவலும் காட்டு விலங்குகளின் அச்சமும் எத்துணை அன்றாட உண்மைகளாய் இருந்தன என்பதற்கு இப்பாடல்களே சான்று. யானையை அடக்கிய அரியாத்தை என்னும் பெண்ணின் கதை குமுளமுனைப் பகுதியிலிருந்து எழுந்து வன்னி மக்களின் நினைவில் நிலைத்தமைக்கும் இதுவே காரணம் எனலாம். அக்கதையைப் பின்னர் அருணா செல்லத்துரை ‘வேழம் படுத்த வீராங்கனை’ என்னும் பெயரில் கூத்தாக்கினார்.

இப்பழைய வன்னியின் தலையாய கூத்து கோவலன் கூத்தாகும். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் வழிபாட்டோடு அது நெருங்கிய தொடர்புடையது. வைகாசிப் பொங்கலையொட்டிக் கடல் நீர் எடுத்து வந்து விளக்கேற்றும் சடங்கு, முள்ளியவளைக் காட்டு விநாயகர் கோயிலில் தொடங்கி வற்றாப்பளையில் முடிவுறும் வழிபாட்டு ஒழுங்கு என்பன கண்ணகியை நூலில் வாழும் பாத்திரமாகவன்றி, மழையும் நோயும் விளைவும் தருபவளாகக் காட்டுகின்றன. அத்தகைய மக்கள் முன் கோவலன் கொலையுண்பதை ஆடுவது வெறும் பொழுதுபோக்காக இருத்தல் இயலாது. சிலம்பைத் திருடிய பொற்கொல்லன் வஞ்சிப்பத்தன் என்னும் பெயரோடு களரிக்கு வரும்போது, பார்ப்போருக்கு அவன் தம்மூரில் எங்கோ கண்ட ஒருவனாகவே தோன்றினான்.

இக்கூத்தின் ஆட்டமும் பாட்டும் மட்டக்களப்பிற் பேணப்பட்ட வடமோடி, தென்மோடி என்னும் பகுப்பிற்குள் முற்றாக அடங்குவதில்லை. ஆதலால் இதனை ‘முல்லைமோடி’ எனத் தனிப்பெயரிட்டு அழைக்கும் வழக்கும் உண்டு. பெயர் பற்றிய விவாதத்திலும் முக்கியமானது, ஒரு பிரதேசத்தில் உருவான பகுப்பை ஈழம் முழுமைக்கும் அளவுகோலாக்கும்போது அவ்வளவுகோலுக்குள் அடங்காதவை ‘கலப்பு’ என்றும் ‘சிதைவு’ என்றும் ஒதுக்கப்படும் நிலை தோன்றுகின்றது என்பதாகும்.

2. பல்கலைக்கழகமும் கூத்தும்

இவ்விடத்திற் பேராதனையின் பணியைக் குறிப்பிடாது செல்லுதல் இயலாது. 1956இல் எதிரிவீர சரச்சந்திர நாடகம மரபைத் தழுவி ‘மனமே’யை மேடையேற்றியமை சிங்கள நாடக உலகில் ஒரு திருப்பத்தை உண்டாக்கியது. அதே பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்தை நவீன மேடைக்குரியதாக்கும் முயற்சியில் ஈடுபட்டார். கர்ணன் போர் (1962), நொண்டி நாடகம் (1963), இராவணேசன், வாலி வதை (1967) என்பன அம்முயற்சியின் விளைவுகள். மன்னார் நாடகங்கள் பலவற்றைப் பதிப்பித்தமையும் அவரது பணியே. படித்தோர் ‘நாட்டான் கூத்து’ என இகழ்ந்த கலைக்குத் தேசிய மதிப்பை இவை ஈட்டித் தந்தன.

ஆயினும் விடிய விடிய ஆடப்பட்ட கூத்து இரண்டு மணி நேரத்துக்குள் சுருங்கியதும், வட்டக்களரியிலிருந்து படச்சட்ட மேடைக்கு ஏறியதும், ஊரவரின் சடங்கிலிருந்து பிரிந்து நகரத்துச் சுவைஞரின் கலைப்பொருளானதும் இதன் மறுபக்கமாகும். கூத்தை அது வாழும் சமூகத்தினுள்ளேயே, அச்சமூகத்தாரின் பங்கேற்புடன் மாற்றியமைத்தல் வேண்டும் என்னும் கருத்தைப் பின்னாளில் மட்டக்களப்பில் சி. ஜெயசங்கர் முதலியோர் சீலாமுனையில் மேற்கொண்ட ‘மீளுருவாக்க’ முயற்சி முன்வைத்தது. செம்மையாக்கமா, மீளுருவாக்கமா என்னும் இவ்விவாதம் இரு பெரும் பிரதேச மரபுகளைச் சுற்றியே நிகழ்ந்தது. குடியேற்றக் கிராமத்தின் நிலை வேறு. அங்கு ‘பாரம்பரியச் சமூகம்’ என ஒன்று முன்னரே இருக்கவில்லை. அரங்கை ஆடிய மக்களே தம்மை ஒரு சமூகமாக ஆக்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

3. குளமும் குடியேற்றமும்

வட்டக்கச்சி இரணைமடுக் குளத்தின் நீரால் வாழும் ஊர். கனகராயன் ஆற்றை மறித்து இருபதாம் நூற்றாண்டின் முதலிரு தசாப்தங்களிற் கட்டப்பட்ட இக்குளம் பின்னர் பலமுறை உயர்த்தப்பட்டது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டம் காணியற்றோருக்கு முடிக்குரிய நிலத்தைப் பகிர்ந்தளிக்கும் சட்ட அடிப்படையை வகுத்தது. அதன் வழியே குடாநாட்டினின்றும் தீவுகளினின்றும் வந்த குடும்பங்கள் வயற்காணியும் மேட்டுக்காணியும் பெற்று இப்பகுதிகளிற் குடியமர்ந்தன. வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்தோர் ஒரே வாய்க்காலின் நீரைப் பகிர்ந்துகொள்ள வேண்டியவராயினர்.

1970க்கும் 1977க்கும் இடைப்பட்ட காலத்தில் இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் மிளகாய், வெங்காயம் ஆகியவற்றின் விலை உயர்ந்தது. கிளிநொச்சி விவசாயி ஓரளவு கையிற் காசு கண்ட காலம் அது. 1977இன் பின்னரான திறந்த பொருளாதாரக் கொள்கை அந்நிலையை மாற்றியது. கோயில் திருவிழாவும் அதனைச் சார்ந்த நாடகமும் விளைச்சலின் மிச்சத்திலேயே நடைபெறுபவை. ஆதலின் நெல்லினதும் மிளகாயினதும் விலை வரலாறு அரங்கின் வரலாறும் ஆகும். காலபோக அறுவடை முடிந்து வயல் வெறுமையாகும் மாதங்களே ஆட்டத்துக்குரிய மாதங்கள். சிறுபோகத்துக்குக் குளத்தில் நீர் இல்லாத ஆண்டில் ஊரவர் கையில் ஓய்வு மிகுந்திருக்கும். ஆனாற் பணம் இராது. ஓய்வும் பணமும் ஒருங்கு கூடிய ஆண்டுகளிலேயே கூத்துச் சிறந்தது.

4. காத்தவராயன் வந்த வழி

குடாநாட்டிலிருந்து வந்தோர் தம்முடன் கொணர்ந்த கலைகளுள் முதன்மையானது காத்தவராயன் கூத்து. மாரியம்மன் வழிபாட்டைச் சார்ந்த இக்கூத்து அம்மை நோய் தீர்ந்தமைக்கு நேர்த்தியாக ஆடப்படுவது. குலதெய்வத்தை விட்டுவரினும் நேர்த்தியை விட்டுவர முடியாது. ஆதலாற் புதிய ஊரில் அம்மனுக்கு ஒரு கொட்டில் எழுந்ததும் காத்தவராயனும் அங்கு வந்து சேர்ந்தான்.

இதன் வடிவம் எளிமையானது. அவ்வெளிமையே அது பரவியதற்குக் காரணமாகும். வடமோடியின் கடின ஆட்டத் தாளக்கட்டுகள் இங்கில்லை. பாத்திரங்கள் சிந்து மெட்டுக்கேற்ப ஒரு துள்ளு நடையில் வருகின்றன. இதனாலேயே இது சிந்துநடைக் கூத்து எனப்படுகின்றது. உடுக்கும் தாளமும் முன்னர் ஒலித்தன. பின்னர் ஆர்மோனியமும் மிருதங்கமும் சேர்ந்தன. காத்தவராயன் ஒருவனே எனினும் அவன் பாலனாயும் இளைஞனாயும் கழுவேறுபவனாயும் வெவ்வேறு நடிகரால் அடுத்தடுத்து ஆடப்படுகின்றான். ஒரே தலைமைப் பாத்திரத்தைப் பலர் பகிர்ந்துகொள்ளும் இவ்வேற்பாடு கவனத்துக்குரியது. தனிப்பெரும் நடிகனை இது உருவாக்குவதில்லை; மாறாக, பல வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரே நாயகனாகும் வாய்ப்பை அளிக்கின்றது. வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்தோர் கூடிவாழ்ந்த குடியேற்றத்துக்கு இதனினும் பொருத்தமான நாடக வடிவம் வேறொன்றைச் சொல்லுதல் அரிது.

கதையின் உள்ளடக்கம் எளிமையானதன்று. உயர்குலத்து ஆரியமாலையைக் காத்தவராயன் விரும்புகின்றான். அன்னை தடுக்கின்றாள், அரிய சோதனைகளை விதிக்கின்றாள். அவன் அவற்றை வென்றும் முடிவிற் கழுமரம் ஏற வேண்டியவனாகின்றான். சாதி எல்லையை மீறும் விருப்பத்தைக் கூத்து இரவு முழுதும் கொண்டாடுகின்றது. விடியற்காலையில் அவ்விருப்பத்துக்குத் தண்டனையையும் காட்டுகின்றது. காத்தவராயனைத் தெய்வ மகனாக்குவதன் மூலம் மீறலைச் சமூகம் ஏற்கத்தக்கதாக்குகின்றது. அதே வேளை அது தெய்வத்துக்கன்றி மனிதருக்கு உரியதன்று என்றும் கூறிவிடுகின்றது. இம்முரண்பாடே இக்கூத்தின் உயிர்.

இதன் முற்போக்கு ஆற்றலை உணர்ந்தோர் இருந்தனர். 1968இல் மாவிட்டபுரத்திற் கூர்மையடைந்த ஆலயப் பிரவேசப் போராட்டத்தின் பின்னணியில் எழுந்த ‘கந்தன் கருணை’ நாடகம் காத்தவராயன் கூத்தின் மெட்டுகளை எடுத்தாண்டது. என். கே. ரகுநாதனின் எழுத்துருவை அடிப்படையாகக் கொண்டு அம்பலத்தாடிகள் குழுவினர் இளைய பத்மநாதனின் நெறியாள்கையில் அதனை மேடையேற்றினர். கற்றோர் புறக்கணித்த ஒரு சிந்துநடை, கோயிற் கதவைத் திறக்கக் கோரும் குரலாக மாறிற்று.

இசை நாடகமும் இக்கிராமங்களின் சுவையை உருவாக்கியது. காங்கேசன்துறை வி. வி. வைரமுத்து (1924–1989) அரிச்சந்திரனாக மயானத்தில் நின்று பாடியதைத் திருவிழா மேடையிற் கேட்பதற்கெனப் பாய் விரித்து இடம் பிடித்த காலம் ஒன்று இருந்தது. காடழித்து நிலம் பெற்ற விவசாயிக்கு நாடும் மனையும் இழந்து சுடலை காத்த மன்னனின் கதை பழங்கதையாக மட்டும் பட்டிருக்கும் என எண்ண முடியவில்லை.

5. மூன்றாவது கிளை

வன்னியின் அரங்கைப் பழைய வன்னியர், குடாநாட்டார் என்னும் இரு கிளைகளாக மட்டும் காண்பது வசதியானது; ஆனால் முழுமையன்று. 1970களின் நடுப்பகுதியில் தோட்டங்களிற் பஞ்சம் நிலவியது; 1977இலும் 1983இலும் வன்செயல்கள் நிகழ்ந்தன. இவற்றாற் பாதிப்புற்ற மலையகத் தமிழர் பெருந்தொகையாக வவுனியா, கிளிநொச்சிப் பகுதிகளுக்கு வந்தனர். அவர்களுட் பலர் காணி உரிமையின்றிக் கூலி உழைப்பாளராகவே வாழ நேர்ந்தது. அவர்களோடு காமன் கூத்தும் வந்தது. மாசி மாதத்திற் காமன் ஊன்றி, இரதிக்கும் மதனுக்கும் மணம் செய்வித்து, சிவன் நெற்றிக்கண்ணால் மதன் எரிவதையும் இரதி புலம்புவதையும் ஊர் வீதிகளிலேயே ஆடும் இக்கூத்துக்கு மேடை தேவையில்லை. கிராமம் முழுவதுமே அதற்குக் களரி.

எனினும் ‘வன்னியின் பாரம்பரியக் கலைகள்’ என்று பட்டியலிடும்போது காமன் கூத்து எளிதில் விடுபட்டுப்போகின்றது. காணிப் பத்திரத்தில் இடம்பெறாதவர் கலைப் பட்டியலிலும் இடம்பெறுவதில்லை. காத்தவராயனும் ஒரு காலத்தில் வன்னிக்கு வெளியிலிருந்து வந்தவனே என்பதை நினைத்தால் இப்புறக்கணிப்பின் அடிப்படை கலை சார்ந்ததன்று, வர்க்கம் சார்ந்தது என்பது தெளிவாகும்.

6. போரின் காலம்

தமிழ்த் தேசிய உணர்வு வளர்ந்த காலத்தில் வன்னியின் கடந்த காலமும் மேடைக்கு வந்தது. 1803இல் ஆங்கிலேயரிடமிருந்து முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றி அவ்வாண்டிலேயே கற்சிலைமடுவில் தோற்கடிக்கப்பட்ட பண்டாரவன்னியனை முல்லைமணி (வே. சுப்பிரமணியம்) நாடகமாக்கினார். பாடசாலை மேடைகளிலும் திருவிழாக்களிலும் அக்கதை பலவாறு ஆடப்பட்டது. குறுநில மன்னன் ஒருவன் இனத்தின் வீரனாக மாறியதில் நாடகத்தின் பங்கு சிறிதன்று.

1984இல் கிளிநொச்சி தனி மாவட்டமாயிற்று. 1990களில் வன்னி போர்க்களமாயிற்று. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்திலிருந்து பெருந்தொகையான மக்கள் வெளியேறினர். அவர்களுட் பலர் வன்னியை வந்தடைந்தனர். அவர்களிற் கலைஞரும் இருந்தனர். இக்காலத்தில் வீதி நாடகமும் கூத்தும் விடுதலைப் புலிகளின் பிரசாரத்துக்குப் பெரிதும் பயன்படுத்தப்பட்டன. கிராமியக் கலைஞருக்கு மேடையும் மதிப்பும் கிடைத்த காலம் இது என்பது உண்மை. அம்மேடையில் வினா எழுப்பும் உரிமை இருக்கவில்லை என்பதும், நாடகம் ஆட்சேர்ப்பின் கருவியாயிற்று என்பதும் உண்மையே. இவ்விரண்டில் ஒன்றை மறைத்து மற்றதை மட்டும் கூறுவது வரலாறாகாது. அதே பத்தாண்டுகளிற் குடாநாட்டில் குழந்தை ம. சண்முகலிங்கத்தின் ‘மண் சுமந்த மேனியர்’ (1985), ‘எந்தையும் தாயும்’ (1992) முதலிய நாடகங்கள், போரில் வாழும் மனிதரின் மனத்தை மேடைக்குக் கொணர்ந்தன என்பதை ஒப்புநோக்குதல் பயனுடையது.

2009 சனவரியிற் கிளிநொச்சி இராணுவத்தின் வசமானது. அம்மாதத்துள்ளேயே வட்டக்கச்சி, இராமநாதபுரம் மக்களும் கிழக்கு நோக்கிப் பெயர்ந்தனர். முள்ளிவாய்க்கால் வரை சென்று மீண்டோர் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம்களில் அடைக்கப்பட்டனர்; அம்முகாம்கள் 2012 செப்டெம்பரிலேயே முற்றாக மூடப்பட்டன. இடம்பெயர்வின்போது மனிதர் எடுத்துச் செல்வது உணவும் பிள்ளைகளும் பத்திரங்களுமே. அண்ணாவியாரின் கொப்பியும் ஆர்மோனியமும் உடுப்புப் பெட்டியும் அல்ல. மேலும், கூத்தின் பெரும்பகுதி எழுத்தில் இல்லை. எவ்விடத்தில் மெட்டு மாற வேண்டும், எப்பாத்திரம் எத்துணை நேரம் களரியில் நிற்க வேண்டும் என்பன அண்ணாவியாரோடு வாழ்பவை, அவரோடு மறைபவை.

7. இன்றைய நிலை

மீள்குடியேற்றத்தின் பின் கோயில்கள் திருத்தப்பட்டன, காத்தவராயனும் மீண்டான். நேர்த்தி என்னும் அடிப்படை இருக்கும்வரை இக்கூத்து முற்றாக மறையாது. காணாமற்போனோரையும் இறந்தோரையும் நினைந்து வாழும் தாய்மார் முன்னிலையில், தன் மகன் கழுவேறுவதைக் காணும் அன்னையின் காட்சி இன்று பெறும் பொருள் 1960களிற் பெற்ற பொருளன்று. எழுத்துரு மாறவில்லை, பார்ப்போர் மாறிவிட்டனர். ஒரு நாடகம் உயிருடன் உள்ளது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

இரண்டாவது களம் பாடசாலையாகும். நாடகமும் அரங்கியலும் க.பொ.த. பரீட்சைக்குரிய பாடமாக உள்ளது. அகில இலங்கைத் தமிழ்மொழித் தினப் போட்டிகளில் நாட்டுக்கூத்தும் இசை நாடகமும் இடம்பெறுகின்றன. ஆண்களே பெண்வேடம் தாங்கிய கூத்துகளை இன்று மாணவியர் ஆடுகின்றனர். இது சிறிய மாற்றமன்று. ஆனாற் போட்டியின் கால வரையறை கூத்தைச் சில பத்து நிமிடங்களுக்குள் அடக்குகின்றது. வரவுப் பாட்டுகளும் வேகமான ஆட்டமும் எஞ்சுகின்றன; கதையின் தயக்கங்களும் நகையும் நீண்ட புலம்பல்களும் உதிர்கின்றன. நடுவருக்காக ஆடப்படும் கூத்து ஊருக்காக ஆடப்படும் கூத்தினின்றும் வேறானது. பிரதேச செயலகங்களின் பண்பாட்டு விழாக்களும் இவ்வாறே: பிரமுகர் உரைகளுக்கு இடையே கூத்து ஒரு ‘நிகழ்ச்சி’ ஆகின்றது.

மூன்றாவது, உயர்கல்வி. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழில்நுட்ப பீடங்கள் கிளிநொச்சி அறிவியல் நகரில் இயங்குகின்றன. நாடகமும் அரங்கியலும் பயிலும் மாணவர் யாழ்ப்பாணத்திலேயே பயில்கின்றனர். நெல்லைப் பற்றிய ஆய்வுக்கு வன்னியில் இடமுண்டு. நெல் விளைவித்தவர் ஆடிய கூத்தைப் பற்றிய ஆய்வுக்கு ஆனையிறவைக் கடந்து செல்ல வேண்டும். தூரம் பெரிதன்று, எனினும் அது எதனை ஆய்வுக்குரியதாகக் கருதுகின்றோம் என்பதன் அடையாளமாகும்.

8. செய்யத்தக்கவை

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, எஞ்சியுள்ள மூத்த அண்ணாவிமாரின் பாடல்களை மட்டுமன்றி, அவர்கள் பழக்கும் முறையையும் முழு இரவு ஆட்டத்தையும் ஒலி, ஒளிப் பதிவாக்குதல் வேண்டும். பாடலை மட்டும் அச்சிடுவது எலும்பைப் பேணி உடலைக் கைவிடுவதாகும். இரண்டாவதாக, அப்பதிவுகள் ஆய்வாளரின் அலுமாரியில் உறங்காது அவ்வூர்ப் பாடசாலையிலும் சனசமூக நிலையத்திலும் இருத்தல் வேண்டும். மூன்றாவதாக, கோவலன் கூத்து, காத்தவராயன் கூத்து, காமன் கூத்து ஆகிய மூன்றும் வன்னிக்குரியவை என்பதை ஆய்வுலகம் ஐயத்துக்கிடமின்றி ஏற்றல் வேண்டும். பழமையை மட்டுமே உரிமைச் சான்றாகக் கொள்வோமாயின், குடியேற்றக் கிராமத்தாரும் மலையகத்திலிருந்து வந்தோரும் தாம் வாழும் மண்ணிலேயே பண்பாட்டு அந்நியராவர்.

‘தூய மரபு’ என்னும் கருத்தைத் தேடி வன்னிக்குச் செல்லும் ஆய்வாளர் வட்டக்கச்சி போன்ற ஊர்களிற் பெரிதும் ஏமாற்றமடைவர். அங்குள்ளது பெயர்ந்தும் கலந்தும் இழந்தும் மீண்டும் தொடங்கியும் வந்த ஓர் அரங்கு. கிரேக்கத்திலாயினும் பண்டைத் தமிழகத்திலாயினும் சடங்கிலிருந்து நாடகம் பிறந்த கதையை நாம் நூல்களிற் கற்கின்றோம். கா. சிவத்தம்பியின் ‘பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகம்’ பற்றிய ஆங்கில நூல் (1981) இவ்வகையில் நமக்கு வழிகாட்டியது. ஒரு சமூகம் உருவாகும்போதே அதன் அரங்கும் எவ்வாறு உருவாகின்றது என்பதை நம் கண்முன்னே காட்டுபவை இக்குடியேற்றக் கிராமங்கள். இரணைமடுவின் நீர் வாய்க்கால்களிற் பாயும் காலம்வரை அறுவடை உண்டு. அறுவடையின் பின் ஓர் இரவும் உண்டு. அவ்விரவை ஆடுவோருக்கே உரியதாக விடுவதும், அதனை ஆய்வோர் ஆடுவோரிடம் கற்றுக்கொள்வதுமே இன்றைய தேவையாகும்.